பெட்ரோலில் கலக்கும் சோளம்!
கடைசிச் சொட்டுத் தண்ணீரை விரட்டும் விந்தைச் சவ்வு

"5 லிட்டர் போடுங்கள்" என்கிறார், பெட்ரோல் பங்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர். போடுகிறார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார்.

அவர் வாங்கியது 5 லிட்டர் பெட்ரோலா? இல்லை. அதில் 4 லிட்டர்தான் பெட்ரோல். மீதி 1 லிட்டர், சாராயம்!

இது கலப்படம் அல்ல. மத்திய சர்க்காரே திட்டம் போட்டுச் செய்யும் ஏற்பாடு. இந்தச் சாராயத்துக்கு "எத்தனால்" என்று பெயர். கரும்பிலிருந்தும், அரிசிக் குருணையிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும் இதை எடுக்கிறார்கள்.

மக்காச்சோளம் என்றதும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து விவசாயிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால், அது அவர்கள் பயிர்.

ஆனால் சோளத்திலிருந்து எடுத்த சாராயத்தை அப்படியே பெட்ரோலில் ஊற்றிவிட முடியாது. இடையில் ஒரு எதிரி நிற்கிறான். அந்த எதிரி வேறு யாரும் அல்ல; தண்ணீர்!

கரிசல் காட்டுச் சோளம்

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. பக்கத்து மாவட்டமான அரியலூரிலும் இது பெரும் பயிர்.

ஒரு காலத்தில் இரண்டும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் சேர்ந்து, 2007-ல் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று.

இங்கே கரிசல் மண் அதிகம். பெரும்பாலான காடுகளுக்கு ஆற்றுப் பாய்ச்சல் கிடையாது. வானத்தை நம்பித்தான் விவசாயம். புரட்டாசி மழைக்கு விதைத்து, தை, மாசியில் கதிர் ஒடிப்பார்கள். பருத்தி, சின்ன வெங்காயம், சோளம் ஆகிய மூன்றும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

2018-ம் ஆண்டில் "படைப்புழு" என்னும் புதிய பூச்சி இந்தியாவுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டிலேயே பெரம்பலூர், அரியலூர்ச் சோளக் காடுகளில் புகுந்து குருத்தைத் தின்றது. முதலுக்கே மோசம் வந்தவர்கள் பலர். இருந்தும் விவசாயிகள் சோளத்தைக் கைவிடவில்லை. மழையை மட்டும் நம்பி விளையக்கூடிய, உடனே விலைபோகக்கூடிய வேறு பயிர் எளிதில் கிடைப்பதில்லை.

நெடுங்காலமாக இந்தச் சோளத்தை வாங்கி வந்தவை கோழிகள்! நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம்தான் முக்கியத் தீவனம். இப்போது கோழிக்குப் போட்டியாக ஒரு புதிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவர்தான் பெட்ரோல் டாங்கி.

பழைய சட்டம், புதிய வேகம்

பெட்ரோலில் சாராயம் கலப்பது புதிய யோசனை அல்ல. சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-ல், இதற்காக இந்தியாவில் ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் 2000-ம் ஆண்டில் ரத்தாயிற்று.

2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவிகிதம் கலக்கும் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் நத்தை வேகம்தான். 2013-14-ல் கூடச் சராசரிக் கலப்பு சுமார் 1½ சதவிகிதமே.

பிறகு வேகம் பிடித்தது. 2022 ஜூன் மாதம் 10 சதவிகிதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் 20 சதவிகிதம் என்ற நிலை வந்துவிட்டது. முதலில் இதற்குக் குறித்திருந்த ஆண்டு 2030!

ஏன் இவ்வளவு அவசரம்? இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது நம் நாட்டு விவசாயிக்குப் போகட்டும் என்பது சர்க்காரின் வாதம்.

2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. சர்க்கரைத் தட்டுப்பாடு வரக்கூடாது என்பது காரணம். உடனே ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. 2023-24-ல், வேறு எந்தப் பொருளையும் விட மக்காச்சோளத்திலிருந்தே அதிக எத்தனால் வந்தது.

சோளம் சாராயமாவது எப்படி?

இட்லி மாவு புளிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவில் வேலை செய்கின்றன. சாராயம் உண்டாவதும் அதே வகைதான்.

சோளத்தை மாவாக அரைத்து, வெந்நீரில் கரைத்து வேக வைக்கிறார்கள். மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றும் "என்சைம்" என்னும் பொருளைச் சேர்க்கிறார்கள். பிறகு "ஈஸ்ட்" என்னும் நுண்ணுயிரை விடுகிறார்கள். அது சர்க்கரையைத் தின்று சாராயத்தைக் கொடுக்கிறது.

ஆனால் அந்தக் கூழில் சாராயம் 100-க்கு 10 முதல் 15 பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். இதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். சாராயம் சுமார் 78 டிகிரி உஷ்ணத்தில் கொதிக்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆகவே சாராயம் முந்திக்கொண்டு ஆவியாகும். திரும்பத் திரும்ப வடித்தால் சாராயத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும்: 50, 70, 90, 95...

அங்கே வந்து நின்றுவிடும்!

எவ்வளவு உயரமான கோபுரத்தில் வைத்துக் காய்ச்சினாலும், சாதாரணக் காற்றழுத்தத்தில், எடைக்கு எடை 95.6 சதவிகிதத்துக்கு மேல் ஏறாது. அந்த இடத்தில் சாராயமும் தண்ணீரும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி ஆகிவிடுகின்றன. இரண்டும் ஒன்றாகவே, 78.2 டிகிரியில் கொதிக்கின்றன. திரவத்தில் என்ன விகிதமோ, ஆவியிலும் அதே விகிதம். பிறகு எப்படிப் பிரிப்பது?

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன?

"4 பங்கு, 5 பங்கு தண்ணீர்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று தோன்றலாம். கூடாது.

பெட்ரோலும் தண்ணீரும் சேராது. எண்ணெயும் தண்ணீரும் போல. சாராயம் இரண்டோடும் உறவாடும். ஆனால் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் போனால், சாராயம் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டும் டாங்கியின் அடியில் தங்கும். மேலே பெட்ரோல் தனியாக மிதக்கும். வண்டி இருமும், நிற்கும். டாங்கி துருப்பிடிக்கும்.

அதனால்தான் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 99.5 சதவிகிதமாவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று தரம் வகுத்திருக்கிறார்கள்.

(இந்த எத்தனாலைக் குடிக்க முடியாதபடி வேறு பொருளும் கலந்துவிடுகிறார்கள். இது எந்திரத்துக்கு உணவு, மனிதனுக்கு அல்ல.)

ஆக, கடைசி 5 பங்குத் தண்ணீரை விரட்டுவதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

அரியலூர்ச் சுண்ணாம்பும் ஒரு வழி!

பழைய வழி ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய பொருள் அரியலூர் மண்ணுக்கு அடியில் மலையாகக் கிடக்கிறது. அதுதான் சுண்ணாம்புக்கல்.

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இன்று அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகள் இருப்பதற்கு அந்தப் பழைய கடலே காரணம்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் புகைந்து, கொதித்து, தண்ணீரைக் குடித்துவிடும். வீட்டுக்கு வெள்ளையடித்தவர்களுக்கு இது தெரியும். இந்தச் சுண்ணாம்பைச் சாராயத்தில் போட்டால், அது தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு சாராயத்தை வடித்து எடுக்கலாம்.

வழி நல்ல வழிதான். கணக்குத்தான் உதைக்கிறது. 1 கிலோ நீறாத சுண்ணாம்பு சுமார் 320 கிராம் தண்ணீரைத்தான் பிடிக்கும். தினம் 1 லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கும் ஆலைக்கு, கடைசித் தண்ணீரை நீக்க மட்டும் நாளொன்றுக்கு 12 டன்னுக்கு மேல் சுண்ணாம்பு வேண்டும். அதைச் சுட விறகோ நிலக்கரியோ வேண்டும். மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும்!

பென்சீன் என்னும் விஷம்

1902-ல் சிட்னி யங் என்ற ஆங்கில விஞ்ஞானி வேறு வழி கண்டார். "பென்சீன்" என்ற திரவத்தைச் சாராயத்தில் கலந்து காய்ச்சினால், அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சுமார் 65 டிகிரியிலேயே ஆவியாகிப் போய்விடும். அடியில் தண்ணீர் இல்லாத சாராயம் நிற்கும்.

உலகெங்கும் ஆலைகள் இந்த வழியைப் பின்பற்றின. ஆனால் பென்சீன் பொல்லாதது. அதைச் சுவாசித்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் என்பது பின்னால் நிச்சயமாயிற்று. பென்சீனுக்குப் பதில் வேறு திரவங்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு நீராவிச் செலவு அதிகம்.

மூன்றாவது வழி: சல்லடை

இன்று இந்திய எத்தனால் ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது "மூலக்கூறு சல்லடை". பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூலக்கூறு என்றால் ஒரு பொருளின் மிகச் சிறிய துகள். அந்தத் துகள்களைச் சலிக்கும் சல்லடை இது.

"ஜியோலைட்" என்னும் பொருளில் செய்த சிறு உருண்டைகள் இவை. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கணக்கில்லாத நுண்துளைகள். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி கூறு போட்டால், ஒரு கூறுக்கு "ஆங்ஸ்ட்ராம்" என்று பெயர். துளையின் அளவு 3 ஆங்ஸ்ட்ராம். தண்ணீர்த் துகளின் அளவு சுமார் 2.8. சாராயத் துகள் சுமார் 4.4. தண்ணீர் நுழையும், சாராயம் நுழையாது!

சாராய ஆவியை இந்த உருண்டைகளின் வழியே விட்டால், தண்ணீர் துளைக்குள் மாட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் துளைகள் நிறைந்துவிடும். உடனே ஆவியை இன்னொரு தொட்டிக்குத் திருப்பிவிட்டு, முதல் தொட்டியைக் காயவைப்பார்கள். காயவைக்க, ஏற்கெனவே காய்ந்த சாராயத்திலேயே ஒரு பங்கைச் செலவிடவேண்டும். அது தண்ணீரோடு கலந்து பழைய இடத்துக்கே திரும்பும்; மறுபடியும் காய்ச்சவேண்டும். முன்னால் ஒரு அடி, பின்னால் ஓர் அங்குலம்!

மண்பானை சொல்லும் ரகசியம்

இங்கேதான் சவ்வு வருகிறது.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் வருகிறது. வந்ததும் ஆவியாகிப் பறக்கிறது. பறக்கும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

இப்போது ஒரு மாயப் பானையை நினைத்துப் பாருங்கள். அதில் சாராயமும் தண்ணீரும் கலந்து ஊற்றுகிறோம். அதன் சுவர், தண்ணீரை மட்டும் கசிய விடுகிறது. சாராயத்தைத் தடுத்து நிறுத்துகிறது. என்ன ஆகும்? தண்ணீர் எல்லாம் வெளியேறி ஆவியாகிவிடும். பானைக்குள் சுத்தச் சாராயம் மிஞ்சும்.

விஞ்ஞானிகள் செய்திருப்பது அந்த மாயப் பானைதான். பானைக்குப் பதில் மெல்லிய சவ்வு. அதில் வேலை செய்யும் பகுதியின் கனம், ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் சில கூறுகளே! கிழியாமல் இருக்க, அதற்கு அடியில் தடித்த தாங்கு படலம் உண்டு.

சவ்வின் ஒரு பக்கம் சூடான சாராயம் ஓடும். மறுபக்கம் காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஆக்கியிருப்பார்கள். சவ்வு தண்ணீரை விரும்பும் பொருளால் ஆனது. தண்ணீர் அதில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வந்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராகப் பிடிப்பார்கள். கொஞ்சம் சாராயமும் நழுவி வரும். அதைத் திருப்பி அனுப்பி மீட்பார்கள்.

இதில் என்ன லாபம்? சமையலறைக் கணக்கே போதும். 1 கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர 100 பங்கு உஷ்ணம் வேண்டுமானால், கொதிக்கும் அந்தத் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 540 பங்கு உஷ்ணம் வேண்டும். ஆவியாக்குவதில்தான் செலவெல்லாம். சவ்வு முறையில் ஆவியாவது, சவ்வைத் தாண்டும் சிறு பகுதி மட்டுமே. மீதிச் சாராயம் திரவமாகவே இருக்கிறது. பென்சீன் போன்ற விஷமும் வேண்டியதில்லை.

காய்ச்சும் கோபுரத்திலிருந்து வரும் சாராய ஆவியை, திரவமாக்காமல் நேராகவே சவ்வுக்கு அனுப்பும் முறையும் உண்டு.

பன்றியின் சவ்விலிருந்து பாரிய ஆலை வரை

1748-ல் பிரான்சு நாட்டில் நோலே என்ற பாதிரியார் ஒரு சோதனை செய்தார். சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் மூத்திரப்பைச் சவ்வால் கட்டித் தண்ணீரில் வைத்தார். தண்ணீர் சவ்வைத் துளைத்து உள்ளே போயிற்று; சவ்வு உப்பியது. சவ்வு, தண்ணீருக்கு வழிவிடுகிறது. சாராயத்துக்கு அவ்வளவாக விடுவதில்லை என்று உலகம் அறிந்தது.

1917-ல் அமெரிக்காவில் கோபர் என்ற விஞ்ஞானி இன்னொரு விந்தையை எழுதினார். இறுகக் கட்டித் தொங்கவிட்ட சவ்வுப் பையிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போவதை அவருடைய உதவியாளர் கவனித்தார். பை கிழியவில்லை, கட்டு அவிழவில்லை. சவ்வின் வழியாகவே தண்ணீர் போயிருக்கிறது! சவ்வின் ஊடே ஆவியாகும் இந்தச் செயலுக்கு கோபரே பெயரும் வைத்தார்.

தொழிலுக்கு வர இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1980-களில் ஜெர்மனியின் ஜி.எப்.டி. கம்பெனி அதற்கேற்ற சவ்வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மூலப்பொருள் பாலிவினைல் ஆல்கஹால். நம் ஊர் நூற்பாவுக்குக் கஞ்சி போடவும், பசை செய்யவும் பயன்படும் அதே பொருள்தான்! 1988-ல் பிரான்சின் பெத்தனிவில் என்ற ஊரில், சர்க்கரை ஆலை ஒன்றில், தினம் 1 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் சாராயத்தைக் காயவைக்கும் சவ்வு நிலையம் வந்தது.

ஜப்பானியர் ஜியோலைட்டையே சவ்வாக ஆக்கினார்கள். பீங்கான் குழாயின் மேல் ஜியோலைட் படலத்தை வளர்த்தார்கள். இது சூட்டைத் தாங்கும். அத்தகைய குழாய்களை 125, 125-ஆகக் கொண்ட 16 கட்டுகளால் ஒரு நிலையம் அமைத்ததை 2001-ல் வெளியிட்டார்கள். மணிக்கு 530 லிட்டர் திரவத்தை, தண்ணீர் 0.2 சதவிகிதத்துக்கும் கீழே போகும்படி அது காயவைத்தது.

இந்தியாவும் சும்மா இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் முதலிய இடங்களில் சவ்வு ஆராய்ச்சி நடந்து வருகிறது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் "கைட்டோசான்", கடற்பாசியிலிருந்து கிடைக்கும் "ஆல்ஜினேட்" ஆகியவற்றைக் கொண்டு சவ்வு செய்து, சாராயத்திலிருந்து தண்ணீரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இறால் ஓடு நம் கடற்கரையில் குப்பை. கடற்பாசி ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பொருள். குப்பையும் பாசியும் கூட நாளை எந்திரத்தின் உறுப்பு ஆகலாம்!

சோளக்காரருக்கு இதனால் என்ன?

இப்போது ரூபாய்க் கணக்கு.

1 குவிண்டால், அதாவது 100 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 38 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். மக்காச்சோள எத்தனாலுக்கு, ஊக்கத் தொகையையும் சேர்த்து லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று 2024 ஜனவரியில் விலை வைத்தார்கள். அப்படியானால் 38 லிட்டருக்குச் சுமார் 2,730 ரூபாய்.

மக்காச்சோளத்துக்கு மத்திய சர்க்கார் வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை, 2024-25-ல் குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். 2025-26-ல் 2,400 ரூபாய்.

2,730-ல் 2,400 போனால் மீதி 330 ரூபாய். சாறு இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கையைக் கால்நடைத் தீவனமாக விற்றுக் கொஞ்சம் பணம் வரும். இந்த இரண்டிலிருந்துதான் ஆலைக்காரர் நீராவி, மின்சாரம், என்சைம், கூலி, வட்டி எல்லாவற்றையும் சமாளிக்கவேண்டும்.

விலை சர்க்கார் வைத்தது, உயர்த்த முடியாது. ஆகவே செலவு கூடும்போதெல்லாம் ஆலைக்காரரின் கண் எங்கே போகும்? சோளத்தின் விலை மீதுதான்! நீராவியில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும், விவசாயியிடம் பேரம் பேசும் அவசியத்தை ஒரு ரூபாய் குறைக்கிறது. எங்கோ ஒரு குழாய்க்குள் இருக்கும் சவ்வுக்கும், வேப்பந்தட்டையில் கதிர் ஒடிக்கும் குடும்பத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சும் கோபுரம் பெரிதாக இருந்தால்தான் கட்டும். சவ்வுக் கட்டுகள் அப்படி அல்ல. நாலு வேண்டுமானால் நாலு. நாற்பது வேண்டுமானால் நாற்பது. சிறிய ஆலைக்கும் பொருந்தும். விளையும் இடத்துக்கு அருகில் ஆலை வந்தால் லாரிக் கூலி மிச்சம். எத்தனால் தேவையை மாநிலத்துக்குள்ளேயே நிறைவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது.

மறுபக்கமும் பார்க்கவேண்டும்

சவ்வு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை.

சவ்வு விலை அதிகம். சில வருடங்களில் மாற்றவேண்டும். அழுக்கு படிந்தால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குறையக் குறைய அதன் வேகமும் குறையும். கடைசி அரைச் சதவிகிதத்தை நீக்க நிறையச் சவ்வு வேண்டும். சல்லடையோ பழகிய முறை. உருண்டைகள் பல வருடம் உழைக்கும். இந்திய ஆலைகள் சல்லடையை விடாததற்கு இதுவே காரணம். சல்லடையையும் சவ்வையும் சேர்த்துப் பயன்படுத்துவது நடுவழி. சல்லடையிலிருந்து திரும்பி வரும் ஈரச் சாராயத்தை மறுபடி காய்ச்சாமல் சவ்வுக்கு அனுப்பலாம்.

அடுத்தது, கோழியின் கேள்வி. ஆலைகள் சோளத்தை அள்ளினால் தீவன விலை ஏறும். தீவன விலை ஏறினால் முட்டை விலை ஏறும். முன்பு சோளத்தை ஏற்றுமதி செய்த இந்தியா, 2024-ல் ஏற்றுமதியை விட அதிகமாக இறக்குமதி செய்தது. பெட்ரோல் இறக்குமதியைக் குறைக்கப் போய், சோளத்தை இறக்குமதி செய்வது நியாயமா என்று கோழிப் பண்ணைக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சோளத்தின் பரப்பு கூடுவதை விட, ஏக்கருக்கு விளைச்சல் கூடுவதுதான் இதற்குப் பதில். படைப்புழுவை அடக்காமல் அது நடக்காது.

மூன்றாவது, வண்டிக்காரரின் கேள்வி. எத்தனாலில் உள்ள சக்தி, அதே அளவு பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் ஓரளவு குறையும். 2025-ல் பழைய வண்டிக்காரர்கள் பலர் இதைச் சொல்லிக் குறைப்பட்டார்கள்.

நாலாவது, தண்ணீர்க் கேள்வி. எத்தனால் ஆலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கிணறு வற்றும் வறண்ட மாவட்டத்தில் ஆலை வைப்பவர்கள், பயன்படுத்திய தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தவேண்டும். அதற்கும் சவ்வுதான் உதவுகிறது. கடல் நீரைக் குடிநீராக்கும் வகைச் சவ்வு.

ஈரம் என்றால் விலை குறையும்

சாராயத்தில் ஈரம் இருந்தால் எண்ணெய்க் கம்பெனி வாங்காது. அதே சட்டம் விவசாயிக்கும் உண்டு. சோளத்தில் ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும். கூடினால் வியாபாரி விலையைக் குறைப்பார். பூஞ்சை பிடித்தால் கோழித் தீவனத்துக்கும் ஆகாது.

ஆலைக்காரர் தம் ஈரத்தைப் போக்கச் சல்லடை வைத்திருக்கிறார், சவ்வு வாங்குகிறார். விவசாயியிடம் என்ன இருக்கிறது? தார் ரோடு!

தை, மாசியில் பெரம்பலூர் வட்டாரச் சாலைகளில் போனால், ஓரமெல்லாம் மஞ்சளாகச் சோளம் காய்வதைப் பார்க்கலாம். பெண்கள் காலால் துழாவிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இரவில் அந்தக் கற்களில் மோதி விழுபவர்களும் உண்டு. திடீரென்று மழை வந்தால், பட்ட பாடெல்லாம் வெள்ளத்தோடு போகும்.

சாராயத்தின் கடைசி 5 பங்குத் தண்ணீருக்காக உலகத்து விஞ்ஞானிகள் 100 ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். நல்லதுதான். சோளத்தில் உள்ள ஈரத்தைப் போக்க, விஞ்ஞானம் கூட வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு நல்ல உலர் களம், ஒரு தார்ப்பாய், ஈரம் பார்க்கும் ஒரு கருவி ஆகியவை போதும். ஈரம் எவ்வளவு என்று விவசாயியே பார்த்துத் தெரிந்துகொண்டால், "ஈரம் அதிகம்" என்று சொல்லி யாரும் விலையைக் குறைக்க முடியாது.

சவ்வு ஆலைக்கு வரட்டும். களம் ஊருக்கு வரட்டும். இரண்டும் வந்தால்தான், பெட்ரோல் பங்கில் போடும் அந்த 1 லிட்டரின் பணம், கரிசல் காட்டு வீடு வரை முழுசாக வந்து சேரும்.